டிரைவர் இல்லாத காருக்கும் சொந்தக்காரன் உண்டு

(கொடுங்கையூரில் நடந்த தெருமுனைக் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கார். "கொடுங்கையூரில் நின்றுகொண்டு காரைப் பற்றிப் பேசுகிறாரே, இந்தத் தெருவில் எத்தனை வாசலில் கார் நிற்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2019 முதல் 2021 வரை சர்க்காரே நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? இந்தியாவில் 100 குடும்பங்களில் ஏறத்தாழ 8 குடும்பங்களுக்குத்தான் கார் இருக்கிறது. மீதி 92 குடும்பம் நாம்தான்.

ஆனால் அந்தக் காரைச் செய்வது யார்? ஓரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மூன்று ஷிப்டில் நிற்கும் நம் பிள்ளைகள். அதைக் கப்பலில் ஏற்ற எண்ணூர் துறைமுகத்துக்கு ட்ரெய்லரில் கொண்டுவருவது யார்? நம் டிரைவர்கள். அந்தத் தொழிற்சாலை நிற்கிற பூமியில் நேற்று வரை நடவு நட்டது யார்? நம் விவசாயத் தொழிலாளர்கள். கடைசியில் அதன் கழிவு வந்து சேரும் இடம் எது? சொல்லவே வேண்டாம், மூக்குக்குத் தெரியும். ஆகவே காரைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. கார் வைத்திருப்பவனைவிட நமக்கே அதிகம் உண்டு.

இன்று பத்திரிகைகளில் மூன்று சேதி வருகிறது. ஒன்று, இனிமேல் கார் பெட்ரோலில் ஓடாது, மின்சாரத்தில் ஓடும். இரண்டு, டிரைவர் வேண்டாம், கார் தானே ஓடும். மூன்று, யாரும் சொந்தமாகக் கார் வாங்க வேண்டியதில்லை. போனில் கூப்பிட்டால் வாசலுக்கு வரும், இறங்கியதும் போய்விடும். மூன்றையும் சேர்த்து, "இதோ புதிய யுகம் பிறக்கிறது" என்கிறார்கள். பிறக்கட்டும். பிறக்கிற குழந்தை யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

தானே ஓடுவது எப்படி?

முதலில் இது மாயமா, மந்திரமா என்று பார்ப்போம். இரண்டும் இல்லை. காரின் நாலு பக்கமும் கேமராக்கள் இருக்கும். எதிரே உள்ள பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ரேடியோ அலையாலும் லேசர் ஒளியாலும் அளக்கும் கருவிகள் இருக்கும். இவை கண்டதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, பிரேக்கா, திருப்பமா என்று முடிவு செய்கிறது. லட்சக்கணக்கான மைல் மனிதர்கள் ஓட்டியதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் கம்ப்யூட்டர் பழகுகிறது. அதாவது, டிரைவரின் அனுபவத்தை எடுத்து யந்திரத்துக்குள் ஊற்றுகிறார்கள். அதற்கு டிரைவருக்குக் கூலி கிடையாது.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் 2023 முதல் டிரைவர் இல்லாத டாக்சிகள் இரவு பகலாகக் காசு வாங்கி ஓடுகின்றன. சீனத்தில் வூஹான் நகரத்திலும் இப்படி வண்டிகள் ஓடுகின்றன. எங்கள் பிழைப்பு என்னாவது என்று அங்குள்ள டாக்சி டிரைவர்கள் 2024-ல் குரல் எழுப்பினார்கள்.

நம் ஊருக்கு வராது என்று எண்ண வேண்டாம். மூலக்கடையில் மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்களே, அந்த இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு டிரைவர் இல்லாமல் ஓடும்படி செய்த ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்துவிட்டது. ரயில் தண்டவாளத்தில் போவது. குறுக்கே மாடு வராது, குழந்தை வராது, தள்ளுவண்டி வராது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை அப்படியல்ல. ஆகவே சாலைக்கு வர நாளாகும். நாளாகும் என்பதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். அதைத் தூங்கிக் கழிக்கக் கூடாது.

மத்திய போக்குவரத்து மந்திரி நிதின் கட்கரி, டிரைவர் இல்லாத காரை இந்தியாவில் அனுமதிக்க மாட்டேன் என்று 2017-ல் சொன்னார், 2023-லும் சொன்னார். டிரைவர்களின் வேலை போய்விடும் என்று காரணமும் சொன்னார். நல்ல வார்த்தைதான். ஆனால் மந்திரியின் வாய்வார்த்தை சட்டமாகாது. மந்திரி மாறுவார், வார்த்தையும் மாறும். சட்டப் புத்தகத்தில் ஏறியதுதான் நிற்கும். சங்கம் காவல் இருந்தால்தான் அதுவும் நிற்கும்.

டிராமும் ரிக்ஷாவும் சொல்லும் பாடம்

மின்சார வண்டி சென்னைக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1895-லேயே இந்த நகரத்தில் மின்சார டிராம் ஓடியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். மவுண்ட் ரோட்டில் ஓடியது, புரசைவாக்கத்தில் ஓடியது, நம் ராயபுரத்திலும் ஓடியது. புகை இல்லை, பெட்ரோல் இல்லை. ஏழை ஜனங்கள் ஏறிப்போன வண்டி. 58 வருஷம் ஓடிய அந்த டிராம் என்ன ஆயிற்று? கம்பெனி நஷ்டம் என்று கையை விரித்தது. 1953 ஏப்ரல் 12-ந் தேதியோடு வண்டிகள் நின்றன. வண்டியை ஓட்டியவர்களும் டிக்கெட் கொடுத்தவர்களும் தெருவில் நின்றார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். இன்று அதே சாலையில் மின்சார வண்டி விடுவதை ஏதோ புதுமை போலச் சொல்கிறார்கள்!

இன்னொரு கதையும் உண்டு. மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்ஷா 1973-ல் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டது. அப்போது ரிக்ஷா இழுத்தவனை, "போய் வேறு வேலை பார்" என்று விரட்டிவிடவில்லை. இழுத்தவனுக்கே சைக்கிள் ரிக்ஷா கொடுத்தார்கள். பழைய வண்டி போயிற்று, புதிய வண்டி வந்தது. புதிய வண்டி பழைய தொழிலாளியின் கைக்கு வந்தது.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பழைய வண்டி போனது. ஒன்றில் தொழிலாளி தெருவுக்குப் போனான். மற்றொன்றில் தொழிலாளி புது வண்டியில் ஏறினான். வித்தியாசம் வண்டியில் இல்லை, தோழர்களே. புது வண்டியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ததில் இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றுதான்.

சொந்தம் யாருக்கு?

"இனி யாருக்கும் சொந்தக் கார் தேவையில்லை" என்று சொல்கிறார்களே, அதைக் கேட்டுச் சில நல்ல மனிதர்கள் மகிழ்ந்து போகிறார்கள். காரில் தனிச்சொத்து ஒழிகிறதாம்! சற்று யோசியுங்கள். ஒரு சொந்தக் கார் நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடுகிறது. மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கிறது. நிற்க அதற்கு 130 சதுர அடிக்குக் குறையாமல் இடம் வேண்டும். நம் வீடுகளில் அந்த அளவு இடத்தில் ஒரு குடும்பமே சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்திருக்கிறது. ஆகவே ஆளுக்கொரு கார் என்பது வீண் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கார் பணக்காரன் வீட்டு வாசலிலிருந்து எங்கே போகிறது? பொதுஜனங்கள் கைக்கா? இல்லை. ஆயிரக்கணக்கான கார்களை ஒரே கம்பெனி வைத்துக்கொள்ளப் போகிறது. நூறு பேர் கையில் இருந்த சொத்து ஒருவன் பெட்டிக்குப் போனால் அதற்குப் பெயர் பொதுவுடைமை அல்ல. அதற்குப் பெயர் ஏகபோகம்.

இதில் முதலில் அடிபடுகிறவன் பெரிய பணக்காரனா? இல்லவே இல்லை. மனைவியின் தாலியை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, ஒரு ஆட்டோவையோ ஒரு காரையோ சொந்தமாக்கி ஓட்டுகிற நம் தோழன்தான். அவன் முதலாளியும் அல்ல, முழுக் கூலியும் அல்ல. ஆட்டோவுக்கு 2013-ல் சர்க்கார் நிர்ணயித்த கட்டணம் பத்து வருஷத்துக்கு மேல் மாறாமல் கிடந்தது. அரிசி விலை அப்படிக் கிடந்ததா? காஸ் விலை அப்படிக் கிடந்ததா? இந்தச் சந்தில்தான் போன் கம்பெனிகள் நுழைந்தன. வண்டி உன்னுடையது, கடன் உன்னுடையது, விபத்து உன்னுடையது. சவாரியில் பங்கு மட்டும் எங்களுடையது என்றன. சொந்த வண்டி டிரைவருக்குக் கட்டணத்தில் 80 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் மத்திய சர்க்கார் ஒரு நெறிமுறை வெளியிட்டது. நெறிமுறை காகிதத்தில் இருக்கிறது. அதைச் சாலைக்குக் கொண்டுவரச் சங்கம் வேண்டும்.

இன்று கம்பெனிக்கு டிரைவரின் வண்டி தேவைப்படுகிறது. அதனால் பங்காவது பேசுகிறது. நாளை வண்டி தானே ஓடும் என்றால், டிரைவரோடு எதற்குப் பேச்சு?

சைக்கிளுக்கு 12, காருக்கு 5

இந்தப் புதிய யுகத்தை யார் காசில் வளர்க்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2019 ஆகஸ்டில் மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. வரியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஐந்து லட்ச ரூபாய்க் காரா, ஒரு கோடி ரூபாய்க் காரா என்ற பேதமில்லை, எல்லாவற்றுக்கும் 5. அதே நாட்டில், அதே காலத்தில், மில்லுக்குப் போகிற தொழிலாளி வாங்கும் சாதாரண சைக்கிளுக்கு வரி எவ்வளவு? 12 சதவீதம்! சைக்கிளும் புகை விடுவதில்லை, பெட்ரோல் குடிப்பதில்லை. ஆனாலும் 12. ஆறு வருஷம் இந்த அநியாயம் நடந்து, 2025 செப்டம்பரில்தான் சைக்கிள் வரியும் 5 சதவீதத்துக்கு வந்தது. ஒரு கோடி ரூபாய்க் காரும் நம் சைக்கிளும் இப்போது சரிசமம். இதைத்தான் சமத்துவம் என்று சொல்கிறார்கள் போலிருக்கிறது.

நான் மின்சார வண்டிக்கு விரோதமாகப் பேசவில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் மைல் கணக்கில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகையை நம் குழந்தைகள்தான் குடிக்கிறார்கள். வரிச் சலுகை தரட்டும். அந்த லாரிகளை மின்சாரத்துக்கு மாற்றத் தரட்டும், பஸ்ஸுக்குத் தரட்டும், ஆட்டோவுக்குத் தரட்டும். கோடி ரூபாய்க் காரில் போகிறவனுக்கு நம் பணத்தில் சலுகை எதற்கு?

புகை எங்கே போகிறது?

"மின்சாரக் காரில் புகையே இல்லை" என்று விளம்பரம் செய்கிறார்கள். அடையாற்றில் ஓடும் காருக்குப் பின்னால் புகை இல்லை என்பது வாஸ்தவம். மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நம்மைச் சுற்றிப் பாருங்கள். வட சென்னை அனல் மின் நிலையத்தில் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட், 2024 மார்ச்சில் திறந்த மூன்றாம் கட்டம் 800 மெகாவாட். வல்லூரில் 1,500 மெகாவாட். எல்லாம் நிலக்கரி. கூட்டினால் 4,130 மெகாவாட். அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, இறால் பிடித்துப் பிழைத்த மீனவரின் தொழிலை அழித்தது. காருக்கு இல்லாத புகை காணாமல் போய்விடவில்லை, தோழர்களே. இடம் மாறிக்கொண்டது. தெற்கிலிருந்து வடக்கே வந்துவிட்டது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக இது குறையும் என்பது உண்மை. தமிழ்நாடு காற்றாலையில் முன்னணி மாநிலம் என்பதும் உண்மை. ஆனால் குறைகிற வரையில் பாரம் யார் நெஞ்சில்?

அடுத்தது பாட்டரி. சில வருஷம் போனதும் பாட்டரி சக்தி இழந்துவிடும். அதற்குள்ளே லித்தியம் இருக்கிறது, சில வகையில் கோபால்ட்டும் நிக்கலும் இருக்கின்றன. சரியான ஆலையில் பிரித்தால் பண்டம். குப்பையில் போட்டால் நெருப்பும் நஞ்சும். 2022 ஆகஸ்டில் வந்த பாட்டரிக் கழிவு விதிகள், பாட்டரி செய்தவனே அதைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் நகரத்தில் எந்தப் பண்டத்துக்கும் சொந்தக்காரன் இல்லாமல் போனால் அது எங்கே வருகிறது? நம் கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்குத்தான். 300 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் இந்த மலை எரிந்தபோதெல்லாம் புகையை விழுங்கியவர்கள் நாம். அதைக் கிளறிப் பிழைக்கிற நம் சகோதரிகளின் கையில் காரின் பாட்டரி வந்து சேரக் கூடாது. இதை இன்றே சொல்லி வைக்க வேண்டும். மலை வளர்ந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

தொழிற்சாலையில் என்ன நடக்கும்?

பெட்ரோல் காரில் என்ஜின் உண்டு, பிஸ்டன் உண்டு, கியர் பெட்டி உண்டு, கிளட்ச் உண்டு, ரேடியேட்டர் உண்டு, சைலன்சர் உண்டு. மின்சாரக் காரில் ஒரு மோட்டாரும் ஒரு பாட்டரியும் பிரதானம். ஓடித் தேயும் உறுப்புகள் மிகக் குறைவு. அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் சின்னப் பட்டறைகளில் இந்த உறுப்புகளைக் கடைசல் பிடிக்கிறவர்கள் எத்தனை ஆயிரம்! சாலையோரத்தில் ஆயில் மாற்றிப் பிழைக்கும் மெக்கானிக்குகள் எத்தனை ஆயிரம்!

மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை நினைத்துப் பாருங்கள். 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். 2022-ல் நிறுத்தினார்கள். சுமார் 2,600 பேர் வேலை இழந்தார்கள்; நல்ல நஷ்டஈடு கேட்டு ஆலைக்குள்ளேயே போராடினார்கள். அந்த ஆலை மின்சாரக் காரால் மூடப்படவில்லை. லாபம் போதவில்லை என்று மூடப்பட்டது. 2025 அக்டோபரில் அதே இடத்தில் 2029 முதல் என்ஜின் செய்யப் போவதாகச் சேதி வந்தது. எத்தனை பேருக்கு வேலை? 600 பேருக்கு மேல் என்கிறார்கள். 2,600 எங்கே, 600 எங்கே! தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் என்ற வியட்நாம் கம்பெனியின் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்லது, தென் மாவட்டத்து வாலிபர்களுக்கு வேலை கிடைக்கட்டும். ஆனால் மறைமலை நகரில் வேலை இழந்த நாற்பது வயதுக்காரரை யாராவது தூத்துக்குடிக்குக் கூப்பிட்டார்களா? மூலதனம் விமானத்தில் பறக்கிறது. தொழிலாளி குடும்பத்தோடு வாடகை வீட்டில் இருக்கிறான்.

நம் வாசலுக்கு வந்த பஸ்

இனி நமக்கு மிகக் கிட்டத்தில் நடப்பதைப் பார்ப்போம். 2025 ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்களை முதலமைச்சர் துவக்கி வைத்தார். உலக வங்கி உதவியோடு மொத்தம் 625 பஸ்கள் வருவதாகத் திட்டம். சத்தமில்லை, புகையில்லை, படி தாழ்வாக இருக்கிறது. கிழவிகளும் மாற்றுத்திறனாளிகளும் சிரமமில்லாமல் ஏறுகிறார்கள். இந்த பஸ்ஸை நாம் வரவேற்கிறோம். மனதார வரவேற்கிறோம். கார் நம் கனவு அல்ல. இந்த பஸ்தான் நம் வண்டி. ஒரு பஸ்ஸில் போகிற ஜனங்களைக் காரில் ஏற்றினால் தெருவே அடைத்துக்கொள்ளும்.

ஆனால் வண்டியைச் சுற்றி வந்து பாருங்கள். பஸ் போக்குவரத்துக் கழகத்துக்குச் சொந்தமில்லை. அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனிக்குச் சொந்தம். கண்டக்டர் கழகத்து ஆள். டிரைவர் கம்பெனி ஆள். ஓடுகிற கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் கம்பெனிக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிறது. பஸ்ஸில் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பெனிக்குப் பணம் உண்டு. நஷ்டம் வந்தால் சர்க்காருக்கு. கிலோமீட்டர் பணம் கம்பெனிக்கு.

அசோக் லேலண்ட் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, நம் எண்ணூரில் வளர்ந்த கம்பெனி. நம் அப்பன் பாட்டன் வேர்வையில் வளர்ந்தது. அங்கே பஸ் செய்யட்டும், நிறையச் செய்யட்டும், சர்க்கார் விலை கொடுத்து வாங்கட்டும். வாங்கியபின் வண்டி கழகத்துக்குச் சொந்தமாக இருக்கட்டும், ஓட்டுகிறவர் கழகத்தின் நிரந்தர ஊழியராக இருக்கட்டும். ஒரே பஸ்ஸில், ஒரே பாதையில், ஒரே வெயிலில் வேலை செய்யும் இருவரில் ஒருவருக்கு பென்ஷன் பேச்சு, இன்னொருவருக்குக் காண்ட்ராக்ட் சீட்டு என்றால், நாளைக்குச் சங்கம் எப்படிச் சேரும்? சேரக் கூடாது என்பதுதானே ஏற்பாடு!

டிரைவர் இல்லாத காருக்கும் இந்த பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. டிரைவரை வெளியேற்றுவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் நிரந்தர டிரைவரைக் காண்ட்ராக்ட் டிரைவராக ஆக்குவார்கள். வண்டியைக் கம்பெனிக்குச் சொந்தமாக்குவார்கள். அப்புறம் ஒரு நாள் யந்திரம் வரும்போது, கேட்க உரிமை உள்ளவன் எவனும் அந்த இருக்கையில் இருக்க மாட்டான்.

விபத்து நடந்தால் யார் கைதி?

தானே ஓடும் காரால் விபத்து குறையும் என்கிறார்கள். இந்தியச் சாலைகளில் 2022-ல் மட்டும் 1,68,491 பேர் மாண்டார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம். ஆகவே இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. யந்திரம் தூங்காது, குடிக்காது என்பதும் உண்மை.

ஆனால் டிரைவர் ஏன் தூங்குகிறார்? 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று சொன்னது. துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் கிடக்கும் கன்டெய்னர் லாரி டிரைவருக்கு எந்த 8 மணி? பசியோடு வண்டிக்குள்ளேயே விழித்துக் கிடந்துவிட்டு, விடிந்ததும் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார். அவருக்குத் தூக்கம் கொடுக்காதவர்கள், "டிரைவர் தூங்குகிறார், யந்திரம் வாங்குவோம்" என்கிறார்கள்.

யந்திரமே தவறு செய்தால்? 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பே நகரில் ஊபர் கம்பெனி பரீட்சைக்காக விட்ட தானே ஓடும் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை இடித்துக் கொன்றது. கம்பெனி மீது குற்ற வழக்கு வந்ததா? இல்லை. காரைக் கவனிக்க உட்கார்த்தி வைத்திருந்த தொழிலாளிப் பெண் மீதுதான் வந்தது. 2023-ல் அவர் தண்டனை பெற்றார். லாபம் வந்தால் யந்திரம் கம்பெனியுடையது. உயிர் போனால் குற்றம் கூலியாளுடையது. அதே 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு காரில் அடிபட்டு விழுந்த பெண்ணை, குரூஸ் என்ற கம்பெனியின் டிரைவரில்லா டாக்சி சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. உரிமம் நிறுத்தப்பட்டது. அதன் உடைமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் 2024 டிசம்பரில் அந்த டாக்சித் தொழிலையே கைவிட்டது. இத்தனை பணமும் படிப்பும் உள்ள தேசத்திலேயே இந்தக் கதி.

யந்திரத்தை உடைப்பதா?

அப்படியானால் யந்திரமே வேண்டாமா? வாலிபத் தோழர்கள் இப்படிக் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் 1811-ல் பின்னல் தொழிலாளர்கள் யந்திரங்களை உடைத்தார்கள். 1812-ல் சர்க்கார் யந்திரம் உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டது. யந்திரம் நிற்கவில்லை. நம் துறைமுகத்துக்கு 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்தது. முதுகில் மூட்டை சுமந்த ஆயிரம் ஆயிரம் பேரின் வேலை மெல்ல மெல்லக் கரைந்தது. வயலுக்குக் கதிர் அறுக்கும் யந்திரம் வந்தது. பத்து நாள் அறுப்புக் கூலி இரண்டு மணி நேரத்தில் போயிற்று. முதுகு வலியும் இடுப்பு வலியும் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. வலி போனபோது கூலியும் சேர்ந்து போயிற்றே, அதுதான் வருத்தம்.

பெரம்பூர் பின்னி மில்லை நினையுங்கள். 1911-ம் வருஷச் சட்டப்படி மில் வேலை நாளுக்கு 12 மணி. 1918 ஏப்ரல் 27-ல் அந்த மில் தொழிலாளிகளைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1948-ம் வருஷச் சட்டத்தில் வாரத்துக்கு 48 மணி என்று வந்தது. நடுவிலே நூற்பு யந்திரம் வேகமாகிக்கொண்டே போயிற்று. வேகமான யந்திரம் வேலை நேரத்தைக் குறைத்ததா? இல்லை, தோழர்களே. யந்திரம் நூலைத்தான் நூற்றது. வேலை நேரத்தைக் குறைத்தது சங்கம்.

ஆகவே நாம் யந்திரத்தோடு சண்டைக்குப் போகவில்லை. யந்திரத்தின் பத்திரம் யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதில்தான் நம் சண்டை. இதற்கு நாம் கேட்பது என்ன?

ஒன்று: இனி வாங்கும் மின்சார பஸ்கள் போக்குவரத்துக் கழகத்துக்குச் சொந்தமாக வேண்டும். இப்போது கம்பெனியில் ஓட்டும் டிரைவர்களுக்குக் கழக டிரைவருக்குச் சமமான சம்பளமும் உரிமையும் வேண்டும்.

இரண்டு: 1973-ல் ரிக்ஷாத் தொழிலாளிக்குச் செய்ததை இன்று ஆட்டோ, டாக்சித் தொழிலாளிக்குச் செய்ய வேண்டும். மின்சார வண்டி அவர் பெயரில், குறைந்த வட்டிக் கடனில், கூட்டுறவு மூலம் வர வேண்டும்.

மூன்று: 1961-ம் வருஷச் சட்டம் சொன்ன 8 மணி நேரம் கன்டெய்னர் லாரியிலிருந்து போன் டாக்சி வரை அமலாக வேண்டும்.

நான்கு: என்ஜின் பிரிவை மூடும் எந்த ஆலையும், முதலில் அந்தத் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு புதிய தொழில் பழக்கி வேலையில் வைக்க வேண்டும்.

ஐந்து: டிரைவர் இல்லாத வண்டி பொதுச் சாலைக்கு வருவதானால் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் விவாதித்துச் சட்டம் போட்ட பிறகே வர வேண்டும். விபத்துக்குக் கம்பெனியின் உடைமையாளரே குற்றவாளி என்று அந்தச் சட்டம் எழுத வேண்டும்.

ஆறு: ஒரு பாட்டரி கூடக் கொடுங்கையூருக்கு வரக் கூடாது.

இவை ஒன்றும் ஆகாத காரியங்கள் அல்ல. சிலது சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. சிலது ஒரு காலத்தில் நடந்தே இருக்கிறது. கேட்க ஆளில்லாததால் கிடப்பில் கிடக்கிறது.

இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் ஆட்டோ தோழர்கள் பஸ் டிரைவரைப் போட்டியாளராகப் பார்க்காதீர்கள். பஸ் ஊழியர்கள் காண்ட்ராக்ட் டிரைவரை வேற்றாளாகப் பார்க்காதீர்கள். நாளை சங்கத்தில் அவர் தோளும் வேண்டும். அடுத்த வாரமே வியாசர்பாடி பணிமனை வாசலில் போய் அந்த டிரைவர்களோடு பேசுங்கள். எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள், கையில் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வாருங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.

வண்டி தானே ஓடக் கற்றுக்கொள்ளலாம். உரிமை ஒருநாளும் தானே வராது. அதை நாம்தான் நடந்து போய்க் கொண்டுவர வேண்டும்.